ஐஸ் ஹவுஸ்: பனிக்கிடங்கு வீடாகி, வீடு அருங்காட்சியகமான கதை

மெரினா கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலையில் பழைய கட்டிடங்களுக்குப் பஞ்சமில்லை. சேப்பாக்கம் அரண்மனை, செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரி என்று வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையில் விவேகானந்தர் இல்லம் மட்டும் சாடை வேறு. முன்பக்கம் வளைந்து உருண்டு, கடலைப் பார்த்தபடி வட்ட வராந்தாவோடு நிற்கும் இந்தக் கட்டிடம் அரண்மனை போலவும் இல்லை, அலுவலகம் போலவும் இல்லை. இதைக் கட்டியவர்கள் உள்ளே மனிதர்கள் குடியிருப்பார்கள் என்று நினைக்கவே இல்லை என்பதுதான் காரணம். உள்ளே வைக்க நினைத்தது ஐஸ். அதுவும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்.

இன்று இது ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் இருக்கும் அருங்காட்சியகம். சுவாமி விவேகானந்தர் 1897-ல் ஒன்பது நாள் தங்கிய இடம் என்பதற்காகப் பாதுகாக்கப்படுகிறது. அந்த ஒன்பது நாளின் மதிப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அரை நூற்றாண்டுக்கு மேலும், அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டும் இந்தச் சுவர்களுக்குள் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான், இது ஏன் இன்னும் நிற்கிறது என்பதே புரியும்.

முதலில் ஐஸ் விஷயத்துக்கு வருவோம். வெள்ளைக்காரர்களுக்குச் சென்னை வெயில் தாங்கவில்லை. வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லிட்டுப் போகும். அந்தத் தண்ணீருக்குள் குடிநீர்ப் பாத்திரத்தை வைத்துக் குளிர வைக்கும் பழக்கம் முகலாயர் காலத்திலிருந்தே இந்தியாவில் உண்டு. வங்காளத்தில் ஹூக்ளி பக்கம் குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிவதற்குள் மேலே படியும் மெல்லிய பனி ஏட்டைச் சேகரித்தார்கள். சென்னையில் அதற்கும் வழியில்லை. எந்த மார்கழியிலும் இங்கே தண்ணீர் உறைந்ததில்லை.

இந்த இடத்தில்தான் பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் வருகிறார். நியூ இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ஏரிகள் தாமாகவே உறைகின்றன. அந்த ஐஸை வெட்டி வெப்ப நாடுகளில் விற்றால் என்ன என்பது அவருடைய யோசனை. 1806-ல் கரீபியத் தீவான மார்ட்டினிக்குக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரே சிரித்தது, பணமும் போனது. கடனுக்காகச் சிறைக்குப் போனார், வெளியே வந்தார், மறுபடி முயன்றார். நத்தானியல் வைத் என்பவர் குதிரையால் இழுக்கப்படும் ஐஸ் வெட்டும் கருவியை 1825 வாக்கில் உருவாக்கிய பிறகுதான் வியாபாரம் சூடுபிடித்தது. சம அளவில் வெட்டிய சதுரக் கட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்க முடிந்தது. சுற்றிலும் மரத்தூளைத் திணித்தார்கள். மர அறுவை ஆலைகள் வேண்டாமென்று ஒதுக்கிய பொருள் அது; அதன் துகள்களுக்கு நடுவே சிக்கும் காற்று வெப்பத்தை உள்ளே விடாது.

1833 மே மாதம் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. சூயஸ் கால்வாய் அப்போது கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, நான்கு மாதப் பயணம். செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிச்சம் இருந்தது. கல்கத்தாவில் கிடைத்த வரவேற்பு பம்பாய்க்கும் சென்னைக்கும் வழி திறந்தது. மூன்று ஊர்களிலும் ஐஸ் கிடங்குகள் எழுந்தன. சென்னையில் கட்டியது 1842-ல்.

நான்கு மாதம் வெயிலில் மிதந்து வந்த ஐஸ் எப்படி உருகாமல் இருந்தது? பெரிய குவியலாக இருப்பதுதான் ரகசியம். 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ ஐஸை உருக்கத் தேவைப்படும் வெப்பம், அதே ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமானது. அவ்வளவு வெப்பமும் வெளியிலிருந்து, ஐஸின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். குவியல் பெரிதாகப் பெரிதாக, எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைகிறது. அதனால் ஒரு கட்டி ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும் இடத்தில், நூறு டன் மாதக்கணக்கில் நிற்கும். அமெரிக்க எழுத்தாளர் தோரோ தன் குடிசைக்குப் பக்கத்திலிருந்த வால்டன் குளத்தில் 1846-47 குளிர்காலத்தில் ஐஸ் வெட்டுவதை நேரில் பார்த்தார். சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பெருமிதத்தோடு எழுதினார். காலையில் பகவத் கீதை வாசித்துவிட்டு அதே குளத்தில் தண்ணீர் மொண்டவர் அவர். அந்த வருடம் வெட்டியதில் பெரும் குவியல் ஒன்று கரையிலேயே வைக்கோலும் பலகையும் மூடிக் கிடந்தது. அது முழுவதுமாக உருகி முடிய 1848 செப்டம்பர் ஆனது.

சென்னைக் கட்டிடத்தின் வட்ட வடிவத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் புத்திசாலித்தனம் தெரியும். ஒரே கொள்ளளவுக்குச் சதுர அறையைவிட வட்ட அறைக்குச் சுவர்ப் பரப்பு குறைவு. தடித்த சுவர், ஜன்னல் கிடையாது. இந்த மாதிரிக் கிடங்குகளில் உருகும் தண்ணீர் அடியில் தேங்காமல் வடிந்து போக வழி வைப்பார்கள். ஐஸ் தண்ணீரில் ஊறிக் கிடந்தால் சீக்கிரம் கரையும் என்பதை டியூடர் தன் ஆரம்பகாலக் கிடங்குகளிலேயே கற்றுக்கொண்டிருந்தார்.

கப்பல் வந்து சேர்ந்ததும் வேலை முடிந்துவிடாது. அன்றைய சென்னையில் துறைமுகமே இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசூலா படகுகளில்தான் கரை சேர வேண்டும். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை தூக்கி அடித்தால் இரும்பு ஆணி போட்ட படகு பிளந்துவிடும். கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும். பாஸ்டன் ஏரியில் பிறந்த ஐஸ் கடைசி மைலைக் கடந்தது நம் கடற்கரைப் படகோட்டிகளின் கைத்திறமையால். டியூடரின் பெயரை எழுதிவைத்த வரலாறு அவர்களின் பெயரை எழுதி வைக்கவில்லை.

இப்போது மெரினாவின் அகலமான மணற்பரப்பைப் பார்க்கிறவர்களுக்கு, ஐஸை அவ்வளவு தூரம் எப்படிச் சுமந்திருப்பார்கள் என்று தோன்றும். அப்போது அவ்வளவு மணல் இல்லை. கடல் கட்டிடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1875-ல் தொடங்கிய செயற்கைத் துறைமுக வேலை கடலோர மணல் வடக்கே நகர்வதைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினாவை அகலமாக்கியது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரிக்கத் தொடங்கியது. 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் கடற்கரை உலாச்சாலையை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தபோது, ஐஸ் ஹவுஸுக்குக் கப்பல் ஐஸ் வந்த காலமே முடிந்திருந்தது. 1874-ல் சென்னையிலேயே இயந்திரத்தால் ஐஸ் செய்யும் கம்பெனி தொடங்கியதும், பாதி சரக்கை வழியில் கடலுக்குக் கொடுத்துவிட்டு வரும் வியாபாரத்துக்கு வேலையில்லாமல் போனது.

கல்கத்தா, பம்பாய் கிடங்குகள் பின்னாளில் இடிக்கப்பட்டன. சென்னையில் இருந்தது மட்டும் தப்பியது. யாரும் அதைப் பாரம்பரியச் சின்னம் என்று நினைத்துக் காப்பாற்றவில்லை. ஒருவர் அதை வாங்கி வீடாக்கினார், அவ்வளவுதான்.

உயர் நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார்தான் அவர். ஜன்னலே இல்லாத வட்டச் சுவரில் ஜன்னல்களைத் திறந்தார். வளைவான வராந்தாக்களைச் சேர்த்தார். தான் மதித்த நீதிபதி கெர்னனின் நினைவாக ‘கேஸில் கெர்னன்’ என்று பெயர் வைத்தார். வீட்டின் ஒரு பகுதியில் ஏழை மாணவர்களைத் தங்கவைத்தார். குளிரை உள்ளே பூட்டி வைக்கக் கட்டிய சுவர்களில் கடற்காற்று வர வழிவிட்ட மனிதர் இவர். இன்று நாம் பார்க்கும் கட்டிடத்தின் முகம் பெரும்பாலும் டியூடர் காலத்தது அல்ல, ஐயங்கார் காலத்தது.

1897 பிப்ரவரி 6-ம் தேதி விவேகானந்தர் எழும்பூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். சிகாகோ போய்த் திரும்பியவரை வரவேற்க நகரமே திரண்டிருந்தது. வழியில் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு இளைஞர்களே வண்டியை இழுத்துக்கொண்டு கேஸில் கெர்னனுக்கு வந்தார்கள். இதில் சென்னைக்கு ஒரு தனி உரிமை இருந்தது. 1893-ல் அவரை அமெரிக்கா அனுப்பப் பணம் திரட்டியவர்களில் முன்னால் நின்றவர் திருவல்லிக்கேணிக்காரரான ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய பணம் அது. அமெரிக்கா புகழ்ந்த பிறகு கொண்டாடிய ஊர் அல்ல சென்னை; அதற்கு முன்பே நம்பி அனுப்பிய ஊர்.

அந்த ஒன்பது நாளில் விக்டோரியா பொது மண்டபத்திலும், சர்க்கஸ் கூடாரத்திலும், திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்திலும் பேசினார். பேச்சு இல்லாத நேரத்தில் கேஸில் கெர்னனில் கூட்டம் கூடியது. இங்கேயே ஒரு மடம் வேண்டும் என்று சென்னை அன்பர்கள் கேட்டுக்கொண்டதால், தன் சகோதரத் துறவி ராமகிருஷ்ணானந்தரை அனுப்பிவைத்தார். அவர் மார்ச் மாதமே வந்தார். தென்னிந்தியாவின் முதல் ராமகிருஷ்ண மடம் கொஞ்ச காலத்தில் இதே கட்டிடத்தில் இயங்கத் தொடங்கியது. வருமானம் கிடையாது; ராமகிருஷ்ணானந்தர் நகரம் முழுக்க அலைந்து வகுப்பெடுத்தார். பிலிகிரி ஐயங்கார் 1902-ல் காலமானார். சில ஆண்டுகளில் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடந்த அன்று அதே வளாகத்தில் ஒரு பெஞ்சில் ராமகிருஷ்ணானந்தர் கலங்காமல் உட்கார்ந்திருந்தார் என்று மடத்து வரலாறு சொல்கிறது. 1907-ல் மயிலாப்பூரில் மடத்துக்குச் சொந்த இடம் அமைந்தது.

அடுத்து வரும் அத்தியாயம்தான் எனக்கு மிகவும் நெருக்கமானது. 1917-ல் கட்டிடம் அரசின் கைக்குப் போனது. அப்புறம் அது இளம் விதவைகள் தங்கிப் படிக்கும் இல்லமானது. அதை நடத்தியவர் சகோதரி ஆர். எஸ். சுப்பலட்சுமி. 1886-ல் பிறந்து, சிறுமியாகவே மணமாகி, 11 வயதில் கணவனை இழந்தவர். அவருடைய அப்பா மகளின் தலையை மழிக்கச் சம்மதிக்கவில்லை, படிக்க வைத்தார். 1911-ல் பட்டம் பெற்றார். தென்னிந்தியாவில் பட்டம் பெற்ற முதல் பிராமண விதவை அவர்.

அந்தக் காலத்தில் பிராமணக் குடும்பங்களில் விதவையான சிறுமி என்றால் மழித்த தலை, முக்காடு, சமையலறை மூலை. காலையில் எதிரே வந்தால் சகுனத் தடை. கல்யாணம் என்றால் என்னவென்றே தெரியாத வயதில் இந்த நிலைக்கு ஆளானவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சுப்பலட்சுமி தன்னைப் போன்ற நான்கு சிறுமிகளைத் தன் தந்தை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்க ஆரம்பித்தார். அவரைப் போலவே விதவையான அவருடைய சித்தி பக்கத்திலேயே இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். கல்வித்துறையில் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அரசு உதவிக்கு வழி செய்தார். சிறுமிகளின் எண்ணிக்கை ஏற ஏற இடம் போதவில்லை. கடற்கரையில் தனியாக நின்ற ஐஸ் ஹவுஸ் அந்தத் தேவைக்குப் பொருந்தியது. முகம் சுளிக்க அங்கே அக்கம்பக்கம் இல்லை.

சுப்பலட்சுமி நடந்துகொண்ட விதத்தில் ஒரு கவனமான கணக்கு உண்டு. இல்லத்தில் சமையலும் பழக்கவழக்கமும் ஆசாரக் குடும்பங்கள் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. சீர்திருத்தவாதிகளில் சிலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். ஆனால் ஆசாரத்தை நேரடியாக எதிர்த்திருந்தால் எந்த அப்பாவும் மகளை அனுப்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவருக்கு முதலில் அந்தப் பெண்கள் வாசலைத் தாண்டி வெளியே வரவேண்டியிருந்தது. படித்து முடித்தவர்கள் ஆசிரியைகளாகச் சம்பாதிக்கத் தொடங்கினார்கள். வேறு துறைகளுக்கும் போனார்கள். ஐஸ் ஹவுஸுக்கு அருகிலேயே 1922-ல் தொடங்கிய லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கும் சுப்பலட்சுமிதான் முதல்வராக இருந்தார். 1958-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். விதவையர் இல்லக் காலம் முடிந்த பிறகும் கட்டிடம் விடுதியாகத் தொடர்ந்தது. விவேகானந்தரின் நூற்றாண்டான 1963-ல் அரசு இதற்கு ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயர் சூட்டியது. முன்னால் சிலையும் வந்தது. 1997-ல், அந்தச் சென்னை வருகைக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, கட்டிடம் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. புதுப்பித்து 1999-ல் நிரந்தரக் கண்காட்சியைத் திறந்தார்கள். விவேகானந்தர் தங்கிய அறை இப்போது தியான அறை. ஆண்டுதோறும் பிப்ரவரி 6 முதல் 14 வரை இங்கே விவேகானந்த நவராத்திரி நடக்கிறது.

பழைய வீட்டை அருங்காட்சியகமாக்கும்போது எழும் கேள்வி இங்கே துல்லியமாகத் தெரிகிறது. எந்தக் காலத்து வீட்டைப் பாதுகாப்பது? ‘அசல் வடிவத்துக்கே கொண்டுபோக வேண்டும்’ என்று பலர் ஆர்வத்தில் சொல்வார்கள். ஐஸ் ஹவுஸில் அதைச் செய்தால் பிலிகிரி ஐயங்கார் திறந்த ஜன்னல்களை அடைக்க வேண்டும், வராந்தாக்களை இடிக்க வேண்டும். விவேகானந்தர் தங்கிய அறையே இல்லாமல் போகும். எதற்காக இந்த வீட்டைப் பாதுகாக்கிறோமோ அதுவே, 1842-ம் ஆண்டுக் கட்டிடத்தில் பின்னால் செய்த ஒரு மாற்றத்தின் விளைவு. அதனால் ஒட்டுப்போட்ட பகுதிகளையும் பழையதாகவே மதிக்க வேண்டும் என்பேன்.

பராமரிப்பும் லேசான வேலை இல்லை. கடற்காற்றில் வரும் உப்பு செங்கல்லுக்குள் இறங்கும். ஈரம் காயும்போது படிகமாகி மேற்பூச்சை உதிர்க்கும். பழைய சுண்ணாம்புக் காரைக்கு மூச்சுவிடும் குணம் உண்டு, ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிச் சுவரைத் தின்னும். இந்தக் கடற்கரையில் பழைய கட்டிடம் வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள தலைவலி இது. ராணி மேரி கல்லூரி தொடங்கிய கேப்பர் ஹவுஸ் இதே சாலையில்தான் இருந்தது. இப்போது இல்லை.

திருவல்லிக்கேணிவாசிகள் இன்றும் பேருந்து நடத்துநரிடம் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். காவல் நிலையத்தின் பெயரும் அதுதான். ஐஸ் வந்த காலம் அதனால் ஓரளவு ஊர் நினைவில் இருக்கிறது. விதவைச் சிறுமிகளின் காலத்துக்கு அப்படி ஒரு பிடிப்பு இல்லை. அருங்காட்சியகத்தில் அவர்களுக்கென்று தாராளமான இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம். விவேகானந்தர் பெண் கல்வியைப் பற்றி அவ்வளவு வலியுறுத்திப் பேசியவர். அவர் பெயர் தாங்கிய இல்லத்தில் அது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதாக இருக்காது. சுப்பலட்சுமியிடம் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுப் பெட்டிகளில் பழைய குழுப்படங்களும், சான்றிதழ்களும், பாட்டி எழுதிய கடிதங்களும் இருக்க வாய்ப்புண்டு. பிற்கால விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இப்போது முதிய வயதில் இருப்பார்கள். எந்த அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், சாப்பாட்டு மணி எப்போது அடித்தது, மாலையில் வராந்தாவில் உட்கார அனுமதி இருந்ததா என்பதை அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் வேலையை மடமோ, பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையோ இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளலாம்.